நர்சக்கா தலைக்கு மேல் நின்ற மேகம்

செவக்காட்டூரில் கத்திரி பிறந்த மூன்றாம் நாள், பகல் பதினொன்றே கால் மணிக்கு, கிராம சுகாதார நர்சு தவமணி கீழத்தெருவில் ஒரு வாசலில் நின்றுகொண்டு, கைக்குழந்தையை இடுப்பில் தூக்கி வெறுந்தலையோடு மாவு மில்லுக்குக் கிளம்பிய ஒருத்தியிடம், பத்தொன்பது வருஷமாக எல்லோரிடமும் சொல்லிவந்ததையே இன்னொரு தடவை சொல்லிக்கொண்டிருந்தபோது, ஒரு மேகம் வந்து அவள் தலைக்கு மேல் நின்றது. பதினொன்றிலிருந்து மூன்று வரை வெளியே போகாதே, போயே ஆகவேண்டும் என்றால் தலையில் துணி போடு, கையில் தண்ணீர் வைத்துக்கொள், தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காமல் குடி, பிள்ளைக்குப் பால் கொடுப்பதைக் குறைக்காதே என்று அவள் சொல்லிக்கொண்டே போக, அந்தப் பெண் மேலே அண்ணாந்து பார்த்துவிட்டு, நிழலாகத்தானே இருக்கிறது, நீங்களும் மில்லுப் பக்கந்தானே போறீங்க என்று கேட்டு, பதிலுக்கு நிற்காமல் அவள் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டாள். தவமணிக்கு மில்லுப் பக்கம் ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் குழந்தையின் உச்சந்தலையைப் பார்த்தவள், வேறு வழியில்லாமல் மில்லு வரைக்கும் நடந்தாள். மேகமும் நடந்தது.

அது பெரிய மேகம் ஒன்றும் இல்லை. லீவில் சும்மா இருந்த அறிவியல் வாத்தியார் மறுநாளே டேப்போடு வந்து, தரையில் விழுந்த நிழலை அளந்து, பதினெட்டு அடிக்கு இருபது அடி என்று நோட்டில் எழுதி, அவளை நாலு எட்டு முன்னால் வரச்சொல்லி, நாலு எட்டு பின்னால் போகச்சொல்லி, அளவு மாறவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஏன் வந்தது, எங்கிருந்து வந்தது என்று ஊரில் யாரும் ரொம்ப நேரம் கேட்கவில்லை. நூற்றியெட்டு டிகிரி அடிக்கிற வெயிலில், கிடைத்த நிழலிடம் போய் உன் பூர்வீகம் என்ன என்று விசாரிக்க யாருக்கும் பொழுது இல்லை. எப்போது வரும், எந்தத் தெருவுக்குப் போகும், எத்தனை பேர் நிற்கலாம் என்பதைத்தான் கேட்டார்கள். வெயில் ஏறியதும் வந்தது, வெயில் தாழ்ந்ததும் போனது, நெருக்கி நின்றால் அறுபது பேர், உட்கார்ந்தால் இருபது பேர்.

ஒரே வாரத்தில் ஊர் அந்த மேகத்தை, புதிதாக விட்ட மினிபஸ்ஸைப் பழகிக்கொள்வதுபோலப் பழகிக்கொண்டது. திங்கட்கிழமை நர்சக்கா கீழத்தெரு, செவ்வாய்க்கிழமை கொல்லர் தெரு, வியாழக்கிழமை ரேஷன் கடைப் பக்கம் என்று தெரிந்துகொண்டு, அந்தந்தத் தெருமுனையில் ஆட்கள் காத்திருந்தார்கள். அவள் ஒரு கர்ப்பிணிக்கு ரத்தக்கொதிப்பு பார்க்க ஐந்து நிமிஷம் கூடுதலாக எடுத்தால் வெளியிலிருந்து இருமினார்கள். மாடியில் வடகமும் மோர்மிளகாயும் காயப்போட்டிருந்த பெண்கள், தயவுசெய்து தெருவுக்கு எதிர்வாடையில் நடங்க, நேற்று நீங்க போனதிலிருந்து வடகம் நமுத்துக்கிடக்கிறது என்று கைப்பிடிச்சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்துச் சொன்னார்கள். இரண்டு எருமைகள் யாரும் ஓட்டாமலே அவள் பின்னால் தடுப்பூசி முகாம் வரை வந்து படுத்துக்கொண்டன. ஒரு கல்யாணத்தில் வீடியோக்காரன், பொண்ணு மாப்பிள்ளை கண்ணைச் சுருக்காமல் இருக்கவேண்டும் என்று அவளைப் படத்தில் விழாத இடமாகப் பார்த்து இரண்டரை மணி நேரம் நிற்கவைத்தான். அவளைச் சாப்பிடக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை. மாரியம்மன் கோயில் கமிட்டி, பூக்குழியின் மேல் நிழல் விழுந்தால் நேர்த்திக்கடன் சேருமா சேராதா என்று மூன்று மணி நேரம் உட்கார்ந்து பேசி, நிழல் வேடிக்கை பார்ப்பவர்கள் மேல் விழலாம், குழியின் மேல் விழக்கூடாது என்று முடிவெடுத்து, அவள் நிற்கவேண்டிய இடத்தில் சுண்ணாம்புக் கோடும் போட்டுவிட்டது. நீ வருவாயா என்று மட்டும் அவளை யாரும் கேட்கவில்லை.

இதெல்லாம் கூடத் தவமணிக்குப் பெரிதில்லை. ஊருக்கு நடையாய் நடப்பது அவள் வேலைதான். அவளுக்கு ஆத்திரம் வந்தது வேறொன்றில். முன்பெல்லாம் நூற்றுக்குப் பத்துப் பேராவது, இந்தம்மா தொணதொணப்புக்குப் பயந்துகொண்டு, ஒரு குடையோ துண்டோ தண்ணீர்ப் பாட்டிலோ கையில் வைத்திருந்தார்கள். மேகம் வந்த பிறகு குடைகள் பரணுக்குப் போயின. கைக்குழந்தைகளும் சர்க்கரைக்காரர்களும் ஆபரேஷன் செய்துகொண்டவர்களும் உச்சிவேளையில் தெருவில் நின்றார்கள். ஏன் இந்நேரம் வந்தீர்கள் என்று கேட்டால், நீங்கதான் வர்றீங்கல்லக்கா என்றார்கள். காற்றே அனலாக அடிக்கும்போது நிழல் மட்டும் போதாது, நிழலில் நின்றாலும் வேர்க்கும், வேர்க்க வேர்க்க உடம்பில் தண்ணீர் வற்றும் என்று அவள் விளக்கமாகச் சொல்வாள். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டே அவர்கள் இன்னும் கொஞ்சம் நடுவாகத் தள்ளி நிற்பார்கள். செவக்காட்டூரில் அந்த மேகத்துக்குக் கீழேயும் குடை பிடித்துக்கொண்டு நடந்த ஒரே ஆள் தவமணிதான். அதைப் பார்த்துச் சிரித்தார்கள்.

வீட்டில் அவள் புருஷன் குருசாமி, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் தையல் கடை வைத்திருந்தான். நல்ல மனுஷன், அதிர்ந்து பேசமாட்டான், ஆனால் அவள் சொல்வது எதுவும் காதுக்குள் போய்ச் சேராது. அவர்களுக்குக் கயல் என்று பத்து வயதில் ஒரே மகள். பள்ளிக்கூடம் லீவு விட்டதும் குருசாமியின் தங்கை சந்தனமாரி, திருப்பூரிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு வந்து இறங்கிவிடுவாள். வந்த மறுநாளிலிருந்து, எங்கே போகலாம், எப்போது போகலாம் என்று வருஷாவருஷம் ஒரு சண்டை நடக்கும். தவமணி போகவேண்டாம் என்று சொல்கிறவள் இல்லை. பிள்ளைகள் டிவி முன்னால் கிடந்து சோம்புவது அவளுக்கும் ஆகாது. ஓடட்டும், நீந்தட்டும், முட்டியைத் தேய்த்துக்கொள்ளட்டும், ஆனால் விடியப் போய்ப் பத்து மணிக்குள் திரும்ப வேண்டும், அல்லது நாலு மணிக்கு மேல் போகவேண்டும் என்பாள். விடிய எழுந்திரிப்பதாக இருந்தால் அது என்ன லீவு என்பாள் சந்தனமாரி. குருசாமி இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருப்பான்.

இந்த வருஷம் சண்டையே நடக்கவில்லை. வைகாசி முதல் ஞாயிறு, பெரிய கண்மாய்க்கு, இரண்டு பக்கத்துச் சொந்தமும் சேர்ந்து இருபத்துமூன்று பேர், பிரியாணி அங்கேயே போடுவது, பதினொரு மணிக்குக் கிளம்புவது என்று எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டு, குருசாமி அவளிடம் வந்து தகவலாகச் சொன்னான். ஆறு மணிக்குப் போகலாமே என்று அவள் ஆரம்பித்தாள்.

"நிழலையே கையோட கூட்டிட்டுப் போறோம் தவமணி. இன்னும் உனக்கு என்னதான் பயம்?" என்றான் அவன், உண்மையிலேயே புரியாமல்.

கண்மாயில் மடைப்பக்கம் இடுப்பளவு தண்ணீர் கிடந்தது. கரை நெடுக நின்றது சீமைக்கருவேலம். அதன் கீழே நிழலைவிட முள்தான் அதிகம். ஆகவே தவமணியை நடுவில் உட்காரவைத்து அவளைச் சுற்றிப் பாய்களை விரித்தார்கள். பெரியவர்கள் உட்கார்ந்ததும், சீட்டாடுகிறவர்கள் உட்கார்ந்ததும், பிரியாணி அண்டாவுக்கும் ஐஸ் பெட்டிக்கும் இடம் ஒதுக்கியதும் பதினெட்டுக்கு இருபது அடியும் தீர்ந்துபோனது. பிள்ளைகள்தான் விளையாடப் போகிறார்களே என்று யாரோ சொன்னார்கள். தவமணி வீட்டிலிருந்து ஒரு தூக்கு மோரும், உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீர் நாலு பாட்டிலும், பிள்ளைகளுக்கு ஐந்து துணித்தொப்பியும் கொண்டுவந்திருந்தாள். அரை மணி நேரத்தில் இரண்டு தொப்பிகள் அண்டாவை இறக்கும் பிடிதுணி ஆகிவிட்டன. உப்புத் தண்ணீரில் ஒரு சித்தப்பா கை கழுவிக்கொண்டார்.

ஒரு மணி வாக்கில் அவள் ஒதுங்குவதற்காகப் புதர்ப்பக்கம் எழுந்துபோனபோது, மொத்தக் கூட்டமும் சீட்டையும் தட்டையும் தூக்கிக்கொண்டு, பாயை இழுத்துக்கொண்டு, முனகிக்கொண்டே இருபது அடி தள்ளி வந்து உட்கார்ந்தது. திரும்பி வந்தபோது மறுபடி இருபது அடி. போவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லக்கூடாதா என்று ஒருவர் கேட்டார். அதற்குப் பிறகு அவள் அடக்கிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள். உட்கார்ந்த இடத்திலிருந்து கால்மணிக்கு ஒருதரம் பிள்ளைகளைத் தண்ணீர் குடிக்க வரச்சொல்லிக் கூப்பிட்டாள். தூரத்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள், இந்த ஓவர் முடியட்டும் என்று கத்தினார்கள். சந்தனமாரி அவள் மடியில் தலைவைத்துப் படுத்துக்கொண்டு, திருப்பூரில் தன் மாமியார் செய்கிற அநியாயங்களை முதலிலிருந்து சொல்லத் தொடங்கியிருந்தாள்.

அப்போதுதான் பந்து கயலின் காலோரமாக உருண்டு போவதைத் தவமணி பார்த்தாள். கயல் குனியவில்லை. மற்ற பிள்ளைகள் கத்தினார்கள். கயல் பந்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், அது என்ன பொருள் என்று தெரியாதவள் மாதிரி.

தவமணி எழுந்தாள். மடியிலிருந்து நாத்தனாரின் தலை பாயில் விழுந்தது. "எங்க மதினி போறீக, சோறு போட்டாச்சு" என்றது ஒரு குரல். நீங்க உட்காருங்க, யாரையாவது அனுப்பி அவளைக் கூட்டிவரச் சொல்வோம் என்றது இன்னொரு குரல். அவள் ஓடினாள். மேகமும் ஓடியது. பின்னால் அத்தனை பேர் மீதும் ஒரே நேரத்தில் வெயில் விழுந்து, சோற்றுத் தட்டோடு அவர்கள் போட்ட சத்தம் அவள் காதில் ஏறவில்லை. கிட்டே போனபோது பிள்ளையின் முகம் செக்கச்சிவந்து, தோல் அடுப்பங்கல்லாகக் கொதித்து, ஒரு சொட்டு வேர்வை இல்லாமல் காய்ந்திருந்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டதற்கு, நாளைக்குப் பரீட்சை என்று என்னவோ உளறினாள்.

எத்தனையோ வீட்டுத் திண்ணைகளிலும் முகாம்களிலும் வாய் வலிக்கச் சொன்னதை எல்லாம் தவமணியின் கைகள் தாமாகவே செய்தன. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மடையோரத் தண்ணீரில் இறங்கி, தலையைத் தோளில் சாய்த்து, கழுத்துவரை நனைத்து, முந்தானையைப் பிழிந்து பிழிந்து கழுத்திலும் கக்கத்திலும் வைத்து, மூச்சிரைக்க வந்து நின்ற குருசாமியை ஆட்டோவுக்குப் போன் போடச் சொன்னாள். வாயில் தண்ணீர் ஊற்ற வந்த சந்தனமாரியை, நினைவு சரியாக இல்லாத பிள்ளைக்கு ஊற்றினால் புரையேறும் என்று தள்ளிவிட்டாள். ஐஸ் பெட்டியைக் கேட்டாள். அதில் கலர் பாட்டில்களுக்கு அடியில் இருந்த ஐஸ் எல்லாம் கையில் கிடைத்த துண்டுகளில் சுற்றப்பட்டு ஆட்டோவில் ஏறியது. வண்டியின் இரண்டு பக்கத் துணியையும் சுருட்டிவிட்டு, காற்றுப் பட விசிறிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ட்ரிப்ஸ் ஏற்றிய டாக்டரம்மா, அங்கேயே குளிரவைத்ததால் பிள்ளை தப்பித்தது என்றார். மேகம் ஆஸ்பத்திரிக் கூரைக்கு மேல் வந்து நின்றது. வெளியே கேட்டடியில் டோக்கனுக்காக நின்றவர்கள் நிழல் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டார்கள்.

சாயங்காலம் கயல் நன்றாகக் கண் விழித்து, பசிக்கிறது என்றாள். தவமணிக்கு அழுகை வருவதற்குப் பதிலாகக் கோபம்தான் வந்தது. அத்தனை தடவை கூப்பிட்டேனே, ஒரு தடவை வந்து தண்ணீர் குடித்திருக்கக்கூடாதா என்று கேட்டாள்.

"வந்தேம்மா" என்றாள் கயல். "ரெண்டு தடவை வந்தேன். உன்னையச் சுத்தி ஆளா இருந்தாங்க. சீட்டை மிதிச்சுட்டேன்னு பெரியப்பா வைதாரு. உள்ள வர்றதுக்கு இடமில்ல."

குருசாமி கையில் இளநீரோடு வாசற்படியில் நின்றிருந்தான். அவனுக்கும் கேட்டது. இளநீரை ஜன்னலில் வைத்துவிட்டு, வராந்தாவுக்குப் போய், யாரும் இல்லாத பெஞ்சில் உட்கார்ந்துகொண்டான்.

தவமணி பத்து நாள் லீவு போட்டாள். வெளியே வரவில்லை. மேகம் அவள் வீட்டுக்கு மேலேயே நின்றது. அவள் வீடு சின்னது என்பதால் நிழலில் கொஞ்சம் வாசலுக்கும் தெருவுக்கும் மிஞ்சியது. அந்த மிச்சத்துக்கு ஊர் வந்து சேர்ந்தது. டீக்கடைக்காரர் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு வந்தார். எருமைகள் வந்தன. பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று முதல் நாள் எல்லோரும் கேட்டார்கள். இரண்டாம் நாள் பாதிப் பேர் கேட்டார்கள். மூன்றாம் நாள், நீ எப்போது வேலைக்கு வருவாய், வியாழக்கிழமை ரேஷனில் பாமாயில் போடுகிறார்கள் என்று ஒருவர் ஜன்னல் வழியாகக் கேட்டார்.

தவமணி கதவைத் திறந்து வாசலில் வந்து நின்றாள். அவள் கத்தவில்லை. பத்தொன்பது வருஷம் கத்தியதில் அவளுக்கு அதில் நம்பிக்கை போயிருந்தது.

"இனிமே பதினோரு மணியிலருந்து மூணு மணி வரைக்கும் நான் இந்த வாசப்படியைத் தாண்டமாட்டேன்" என்றாள். "நிழல் உங்க வீட்டுக் கூரைக்குக் கீழயும் இருக்கு. அங்க போய் உக்காருங்க."

பிறகு கதவைச் சாத்தினாள்.

ஊருக்குப் பெரிய மனவருத்தம் ஆகிவிட்டது. பொதுமக்கள் உபயோகத்தில் இருந்துவந்த மேகத்தை மேற்படி தவமணி என்பவர் தன் சொந்த வீட்டின் மேல் முடக்கி வைத்திருப்பதால் ஊராருக்கு மிகுந்த சிரமம் ஏற்பட்டுள்ளது என்று ஒரு மனு எழுதி, நூற்று நாற்பத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். மனுவை ஊர்வலமாகக் கொண்டுபோய்ப் பேரூராட்சியில் கொடுப்பது என்றும், அதிகாரி மதியம்தான் சீட்டில் இருப்பார் என்பதால் பன்னிரண்டு மணிக்குக் கிளம்புவது என்றும் முடிவாயிற்று. பன்னிரண்டு மணிக்கு வெளியே வந்து பார்த்தால் நெருப்பாக வெயில். வேறு வழி இல்லாமல் ஆளாளுக்கு வீட்டுக்குத் திரும்பி, பரணில் ஏறி, குடைகளைத் தூசு தட்டி எடுத்தார்கள். குடை இல்லாதவர்கள் துண்டை நனைத்துத் தலையில் போட்டார்கள். பாதை நீளம் என்பதால் பெண்கள் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டார்கள். கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் நீங்கள் வரவேண்டாம், உங்கள் பேரைச் சேர்த்துச் சொல்லிக்கொள்கிறோம் என்று வீட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். தன்னைக் கண்டித்துக் கோஷம் போட்டுக்கொண்டு குடையும் துண்டும் தண்ணீருமாகத் தெருவில் போன அந்த ஊர்வலத்தை, தவமணி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு முதல் ஆளிலிருந்து கடைசி ஆள் வரை பார்த்தாள். பார்த்துவிட்டு, இதைச் சொல்லத்தானேடா என் தொண்டை வற்றியது என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, சமையலறைக்குப் போய் ஒரு செம்புத் தண்ணீரை நின்ற நிலையில் குடித்தாள்.

அதிகாரி மனுவை வாங்கி, மேகம் எந்தப் பிரிவில் வரும் என்று குமாஸ்தாவைக் கேட்டு, குமாஸ்தாவுக்கும் தெரியாததால் கோப்பில் வைத்தார். எல்லோரும் குடை பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். மறுநாள் குடைகள் பரணுக்குப் போகவில்லை. மறுபடி ஏறி இறங்கச் சோம்பலாக இருந்தது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

இதற்குள் குருசாமி தையல் கடையிலேயே கிடந்தான். வீட்டில் அவளிடம் நேராக முகம் பார்த்துப் பேசவில்லை. மன்னிப்புக் கேட்கிற வார்த்தையெல்லாம் அவன் வாயில் வந்ததே இல்லை. பத்தாம் நாள் ஒரு பெரிய பையைக் கொண்டுவந்து கூடத்தில் கவிழ்த்தான். ஸ்கூல் யூனிஃபார்ம் துண்டும், ஜாக்கெட் வெட்டிய மிச்சமும், லைனிங் துணியுமாகச் சேர்த்துத் தைத்த பருத்தித் தொப்பிகள். பின்கழுத்தை மறைக்க ஒவ்வொன்றிலும் ஒரு சாண் துணி தொங்கியது. மொத்தம் இருபத்துமூன்று. அண்டா இறக்க யாராவது இதை எடுத்தால் நடக்கிறதே வேறு என்று பையைப் பார்த்துச் சொன்னான். பிறகு, ஞாயிற்றுக்கிழமை விடிய ஐந்தரைக்குக் கிளம்பலாமா என்று அவளைப் பார்த்துக் கேட்டான்.

ஐந்தரை என்றால் ஐந்தரை என்றாள் தவமணி. கிளம்பும்போது ஆறு இருபது. இருபத்துமூன்று பேரில் பதினான்கு பேர்தான் எழுந்து வந்தார்கள். சந்தனமாரி பாதித் தூக்கத்தில் நடந்து, ஒரு பாட்டில் மோரை வீட்டுத் திண்ணையிலேயே மறந்துவிட்டு வந்தாள். ஒரு மைத்துனர், இந்தத் தொப்பியில் தன்னைப் பார்க்கத் தேங்காய் வியாபாரி மாதிரி இருக்கிறது என்று கண்மாய் வரை சொல்லிக்கொண்டே வந்தார். தவமணி நடையை எட்டிப்போட்டாள். பதில் சொன்னால் அங்கேயே சண்டை வந்துவிடும். ஆனால் தண்ணீர் குளிர்ந்து கிடந்தது. பிள்ளைகள் மடையில் குதித்துக் குதித்துக் கண் சிவந்தார்கள். குருசாமி மகளுக்கு மல்லாந்து மிதக்கக் கற்றுக்கொடுக்கிறேன் என்று இறங்கித் தானே இரண்டு தடவை முங்கினான். கரையில் பழைய சோற்று நீச்சத்தண்ணீரைக் குடித்து, சின்ன வெங்காயமும் வெள்ளரிப் பிஞ்சும் தின்றார்கள். பிரியாணி இல்லையா என்று ஒருவர் கேட்டதை யாரும் காதில் வாங்கவில்லை.

எட்டரை மணிக்கு வெயில் ஏறியது. மேகம் வந்து தவமணிக்கு மேல் நின்றது. தண்ணீருக்குள் இருந்தவர்களும் கரையில் இருந்தவர்களும் பழக்க தோஷத்தில் ஈரத்தோடு எழுந்து தட்டைத் தூக்கிக்கொண்டு அவளைப் பார்த்து நகர்ந்தார்கள். குருசாமி குறுக்கே வந்து நின்றான்.

"எல்லாரும் தொப்பியைப் போடுங்க" என்றான். "கிளம்புறதுக்கு இன்னும் அரை மணிதான் இருக்கு. இந்த நிழல் எம்புள்ளைக்கு."

மைத்துனர் குருசாமியின் முகத்தைப் பார்த்துவிட்டு, தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். சொல்ல வேண்டியதை இருபது வருஷம் தாமதமாகச் சொல்கிறானே என்று தவமணிக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. பாயை நன்றாக உதறி விரித்தாள். கயல் ஈரத்தலையோடு வந்து, ஒரு டம்ளர் உப்புத் தண்ணீரை முழுதாகக் குடித்துவிட்டு, அம்மா பக்கத்தில் படுத்தாள். முதலில் ஓரமாக, முழங்காலை மடக்கி ஒடுங்கிப் படுத்தவள், கொஞ்ச நேரம் கழித்து ஒரு கையை நீட்டிப் பார்த்தாள், யார் மேலும் படவில்லை, பிறகு மறுகையையும் இரண்டு காலையும் அகலமாக விரித்து, பாய் முழுக்கப் பரந்து கிடந்தாள். தள்ளிப் படு என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை.